சார்லஸ் ரோத்சைல்டு

நத்தானியேல் சார்லஸ் ரோத்சைல்டு (மே 9, 1877 – அக்டோபர் 12, 1923) இங்கிலாந்தைச் சேர்ந்த வங்கியாளரும் பூச்சியியலாளரும் ஆவார். பிரித்தானியாவின் இயற்கைப் பாதுகாப்பு இயக்கத்துக்கு வித்திட்டவர்களுள் இவர் முதன்மையானவராகக் கருதப்படுகிறார். பிளேக் நோயைப் பரப்பும் எலித் தெள்ளுப்பூச்சியை முதன்முதலில் இனங்கண்டு பெயரிட்டவரும் இவரே. அருகிவரும் அந்துப்பூச்சிகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் காப்பதற்கு அவை வாழும் நிலத்தைக் காப்பதே வழி என்னும் கருத்தை முன்வைத்து, 1912 ஆம் ஆண்டில் இயற்கைக் காப்பிடங்கள் மேம்பாட்டுக் கழகத்தைத் தோற்றுவித்தார். இக்கழகம் பாதுகாக்கத் தகுந்தவை எனப் பட்டியலிட்ட 284 இடங்கள் இன்று ரோத்சைல்டு பட்டியல் என்ற பெயரில் அறியப்படுகின்றன.

பிறப்பும் குடும்பமும்

சார்லஸ் ரோத்சைல்டு இலண்டனில் பிறந்தார். புகழ்பெற்ற ரோத்சைல்டு வங்கிக் குடும்பத்தைச் சேர்ந்த முதலாம் ரோத்சைல்டு பிரபு நேதன் மேயர் ரோத்சைல்டு இவரது தந்தை. யூத சமயத்தைக் கைவிடாமல் பிரபுக்கள் அவையில் உறுப்பினராக அமர்ந்த முதல் யூதர் என்ற பெருமை அவருக்கு உண்டு. சார்லசின் அண்ணன் வால்ட்டர் ரோத்சைல்டு (1868–1937) பெயர்பெற்ற விலங்கியலாளர். ஹார்ட்ஃபர்ட்சயர் மாவட்டத்தில் டிரிங் என்னும் ஊரில் இருந்த குடும்ப மாளிகையை அடுத்து வால்ட்டர் அமைத்த விலங்கியல் அருங்காட்சியகம் 1892 இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஒன்பது ஆண்டுகள் இளையவரான சார்லஸ் அண்ணனின் சேகரிப்புகளிடையே வளர்ந்தார். பூச்சிகள் மீதான ஈடுபாடு மிக இளம் வயதிலேயே அவருக்கு ஏற்பட்டது.

சகோதரர் இருவரும் இயற்கை ஆர்வலர்கள் எனினும் இருவரின் வாழ்க்கையும் வேறு வேறு வழிகளில் சென்றது. வால்ட்டர் 1908 இல் வங்கிப் பணியிலிருந்து விலகித் தம் முழு நேரத்தையும் அருங்காட்சியகத்தில் செலவிட்டார். குடும்பத் தொழிலின் பொறுப்பு இளையவரான சார்லசின் மீது விழுந்தது. அவர் தம் வாழ்நாளின் பெரும் பகுதியை வங்கியில் உழைத்தார். பூச்சியியல் அவருக்கு ஓய்வுநேரப் பணியாகவே இருந்தது.

கல்வி

சார்லஸ் ஹாரோ பள்ளியில் பயின்றார். அங்குப் பிற மாணவர்களின் கொடுமைக்கு ஆளானதால் பள்ளி நாட்கள் அவருக்கு மகிழ்ச்சி தரவில்லை. ஆயினும் ஹாரோவின் சுற்றுப்புறத்தில் காணப்பட்ட வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் ஆராய்ந்து, ஜே. எல். பான்ஹோட் என்பவருடன் இணைந்து ஒரு நூலை எழுதினார். அது 1895 இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 18. பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரியில் இயற்கை அறிவியல் பயின்றார். கேம்பிரிட்ஜ் நகருக்கு வடகிழக்கே உள்ள விக்கன் சதுப்புநிலம் அக்காலப் பூச்சி ஆர்வலர்கள் விரும்பிச் செல்லும் இடமாக விளங்கியது. பின்னாளில் அவர் நிலங்களைக் காக்க முனைந்தபோது முதலில் கருதிய இடங்களுள் விக்கனும் ஒன்று.

படிப்பு முடிந்ததும் இலண்டனில் இருந்த குடும்ப வங்கியில் சேர்ந்தார். வங்கியின் பொறுப்பில் இருந்த தங்கச் சுத்திகரிப்பு ஆலையின் பணிகளையும் கவனித்துவந்தார்.

தெள்ளுப்பூச்சி ஆய்வுகள்

சார்லசின் அறிவியல் புகழுக்கு அடிப்படையாக அமைந்தவை தெள்ளுப்பூச்சிகள். பறவைகள், பாலூட்டிகள் ஆகியவற்றின் உடலில் ஒட்டி வாழ்ந்து குருதியை உறிஞ்சும் இச்சிறிய இறகற்ற பூச்சிகளில் அக்காலத்தில் மிகச் சிலரே கவனம் செலுத்தினர். சார்லஸ் பல நாடுகளிலிருந்து மாதிரிகளைத் திரட்டினார். டிரிங் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய செருமானியப் பூச்சியியலாளர் கார்ல் ஜோர்டான் இவ்வாய்வுகளில் அவருக்குத் துணைநின்றார். அறிவியலுக்குப் புதியனவான சுமார் 500 தெள்ளுப்பூச்சி இனங்களை சார்லஸ் விவரித்துள்ளார். தம் சேகரிப்பை 1913 இல் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக வழங்கினார். பின்னர் மேலும் வளர்ந்த இச்சேகரிப்பில் சுமார் 260,000 மாதிரிகள் உள்ளன.

1901 இல் சூடானில் நைல் ஆற்றங்கரையில் உள்ள ஷெண்டி என்னுமிடத்தில் அவர் சேகரித்த ஒரு தெள்ளுப்பூச்சி பின்னர் உலகம் முழுவதும் அறியப்பட்டதாயிற்று. 1903 இல் அதனை விவரித்தபோது, எகிப்தின் பெரிய பிரமிடைக் கட்டிய மன்னர் கியோப்சின் பெயரால் கியோப்பிஸ் என்ற பெயரை அதற்கு இட்டார். இன்று ஸெனோப்சில்லா கியோப்பிஸ் என அழைக்கப்படும் இவ்வினமே எலிகளிடமிருந்து மனிதருக்குப் பிளேக் நோயைக் கடத்தும் முதன்மையான பூச்சியாகும். 1896 இல் பம்பாயை அடைந்த பிளேக், அடுத்த இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. தெள்ளுப்பூச்சியே நோயைக் கடத்துகிறது என்பதை பிரெஞ்சு மருத்துவர் பால்-லூயி சிமோன் 1898 இல் கராச்சியில் ஆய்வு வழியாகக் காட்டினார். 1905 முதல் பம்பாயில் இயங்கிய பிளேக் ஆய்வுக் குழு அதனை உறுதிப்படுத்தியது.

1911 இல் சார்லஸ் மற்றோர் எலித் தெள்ளுப்பூச்சியையும் தனி இனமாகப் பிரித்தறிந்தார். ஸெனோப்சில்லா ஆஸ்டியா எனப் பெயரிடப்பட்ட அது, தோற்றத்தில் கியோப்பிசை மிகவும் ஒத்தது. உருப்பெருக்கியின் கீழ் நுணுகிப் பார்த்தால் மட்டுமே வேறுபாடு தெரியும். இந்த வேறுபாடு தமிழர் வாழும் பகுதிகளுக்கு நேரடித் தொடர்புடையதாக அமைந்தது. சென்னை, கொழும்பு போன்ற கடற்கரை நகரங்களின் எலிகளில் பெரும்பாலும் காணப்பட்டது ஆஸ்டியா இனமே. கொழும்பு நகரின் நுண்ணுயிரியலாளராக இருந்த ஃபேபியன் ஹர்ஸ்ட் 1913 முதல் இதனை ஆராய்ந்து, ஆஸ்டியா பிளேக்கைக் கடத்தும் திறன் குறைந்தது என்று காட்டினார். வட இந்தியாவையும் பம்பாயையும் வாட்டிய அளவுக்குப் பிளேக் இந்நகரங்களில் பரவாமைக்கு இதுவும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. ஒரே இனமெனத் தோன்றுவதை இரண்டாகப் பிரித்து அறியும் வகைப்பாட்டியலின் பயன் இவ்வாறு மனித உயிர்களோடு தொடர்புற்றது.

திருமணம்

பூச்சிகளைத் தேடி கார்பாத்திய மலைப் பகுதிக்குச் சென்றிருந்தபோது அங்கேரியைச் சேர்ந்த ரோசிக்கா வெர்தைம்ஸ்டைன் என்பவரைச் சந்தித்தார். இருவருக்கும் 1907 பெப்ரவரி 6 அன்று வியன்னாவில் திருமணம் நடைபெற்றது. ரோசிக்கா அங்கேரியில் டென்னிஸ் வீராங்கனையாகப் பெயர்பெற்றிருந்தவர். அவருடைய சொந்த ஊரான நாட்யவாரத் அக்காலத்தில் அங்கேரியில் இருந்தது. இன்று அது உருமேனியாவில் ஒராடியா என வழங்குகிறது. சார்லஸ் கோடை விடுமுறைகளில் அப்பகுதிக்குச் சென்று அங்கேரியின் அந்துப்பூச்சிகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் ஆராய்ந்தார்.

இவர்களுக்கு மிரியம் (1908), எலிசபெத் (1909), விக்டர் (1910), பன்னோனிகா (1913) என நான்கு பிள்ளைகள். கடைசி மகளின் பெயர் அங்கேரியச் சமவெளியில் காணப்படும் யூபிளம்மா பன்னோனிகா என்னும் சிறிய அந்துப்பூச்சியின் பெயராகும். இப்பூச்சியின் மாதிரிகளை சார்லஸ் அப்பகுதியில் சேகரித்திருந்தார். பன்னோனிகா பின்னாளில் நியூயார்க்கில் ஜாஸ் இசைக்கலைஞர்களின் புரவலராக விளங்கினார். பியானோ கலைஞர் தெலோனியஸ் மாங்க் அவர் பெயரில் ஓர் இசைப்படைப்பை உருவாக்கினார்.

ஆஷ்டன் வோல்டு

நார்தாம்ப்டன்சயரில் ஆஷ்டன் என்னும் சிற்றூரை அடுத்த காட்டுப் பகுதி அரிய வண்ணத்துப்பூச்சிகளுக்குப் பெயர்பெற்றது. இளைஞராக அங்குப் பூச்சிகளைத் தேடிச் சென்ற சார்லஸ், அவ்விடத்தை விலைக்கு வாங்க விரும்பி உரிமையாளரைப் பற்றி விசாரித்தார். நிலம் தம் தந்தைக்கே சொந்தமானது என்று அப்போதுதான் அவருக்குத் தெரியவந்தது. பின்னர் அங்கே தமக்கென ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டார். ஆஷ்டன் கிராமத்து வீடுகளும் அக்காலத்தில் புதிதாகக் கட்டப்பட்டன. அவ்வூர் விடுதி இன்றும் அப்பகுதியில் வாழ்ந்த கட்டமிட்ட ஸ்கிப்பர் என்னும் வண்ணத்துப்பூச்சியின் பெயரைத் தாங்கியுள்ளது. அவ்வண்ணத்துப்பூச்சி 1976 இல் இங்கிலாந்திலிருந்து மறைந்தது. 2018 இல் பெல்ஜியத்திலிருந்து கொண்டுவரப்பட்டு நார்தாம்ப்டன்சயரின் ராக்கிங்ஹாம் காட்டில் மீண்டும் விடப்பட்டது.

சதுப்புநிலங்களும் அந்துப்பூச்சிகளும்

சார்லசின் பாதுகாப்புப் பணியைப் புரிந்துகொள்ள கிழக்கு இங்கிலாந்தின் ஃபென் நிலங்களைப் பற்றி அறிதல் வேண்டும். கேம்பிரிட்ஜ், ஹண்டிங்டன், லிங்கன் மாவட்டங்களில் பரந்து கிடந்த தாழ்வான சதுப்புநிலங்கள் ஃபென் எனப்படுகின்றன. நாணலும் கோரையும் மண்டிய இந்நிலங்களில் மட்டுமே வாழ்ந்த பூச்சிகள் பல இருந்தன. பதினேழாம் நூற்றாண்டு முதல் நீரை வடித்து இந்நிலங்கள் வயல்களாக மாற்றப்பட்டன. தென் இங்கிலாந்தின் பெரிய ஏரிகளுள் ஒன்றாக இருந்த விட்டில்சி ஏரி 1851 இல் வடிக்கப்பட்டது. அதை அடுத்த ஹோம் ஃபென்னில் அக்காலத்தில் நிலத்தில் புதைக்கப்பட்ட இரும்புத் தூணின் உச்சி தரைமட்டத்தில் இருந்தது. நீர் வடிந்து கரிமண் சுருங்கியதால் இன்று அத்தூண் தரைக்கு மேல் சுமார் 4 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது.

நிலம் வறண்டதும் பூச்சிகள் மறைந்தன. ரோசி மார்ஷ் என்னும் அந்துப்பூச்சி 1850களின் தொடக்கத்தில் ஃபென் நிலங்களிலிருந்து அற்றுப்போனது. செப்பு நிறச் சிறகுகளைக் கொண்ட பெரிய காப்பர் வண்ணத்துப்பூச்சியும் ஏறத்தாழ அதே காலத்தில் மறைந்தது. நாணலைத் தின்று வளரும் ரீட் டசக் என்னும் வெளிறிய நிற அந்துப்பூச்சி விக்கன் ஃபென்னில் கடைசியாக 1879 இல் காணப்பட்டது. அதன்பின் பிரித்தானியாவில் அது காணப்படவில்லை. இவ்விரு அந்துப்பூச்சிகளும் ஐரோப்பாவின் பிற பகுதிகளில் வாழ்கின்றன. ஆகவே அவற்றின் மறைவு ஓர் இனத்தின் முற்றான அழிவு அன்று. ஒரு நாடு தன் இயற்கையின் ஒரு பகுதியை இழந்ததாகும்.

அக்காலத்தில் உயிரினப் பாதுகாப்பு என்றால் வேட்டையாடுதலைத் தடுப்பது என்றே பொருள்கொள்ளப்பட்டது. பறவைகளைக் கொல்வதையும் முட்டைகளை எடுப்பதையும் தடுக்கும் சட்டங்கள் இருந்தன. அந்துப்பூச்சிகளைப் பொறுத்தவரை சேகரிப்பாளரின் வலையே அழிவுக்குக் காரணம் என்று பலர் எண்ணினர். சார்லஸ் தாமே பெரும் சேகரிப்பாளர். ஆனால் ஒரு பூச்சி தன் உணவுச் செடியையும், அச்செடி மண்ணின் ஈரத்தையும் சார்ந்துள்ளன. நீர்மட்டம் ஓர் அடி இறங்கினால், எவரும் வலை வீசாமலேயே அவ்விடத்துப் பூச்சிகள் அனைத்தும் மறைந்துவிடும். எனவே தனித்தனி இனங்களுக்குத் தடைச்சட்டம் இயற்றுவதைவிட அவற்றின் வாழிடத்தை முழுமையாகக் காப்பதே தேவை என்று அவர் கருதினார். இன்று பொது அறிவாகத் தோன்றும் இக்கருத்து அன்று புதுமையானது.

நிலங்களை வாங்குதல்

தேசிய அறக்கட்டளை என்னும் அமைப்பு 1899 இல் விக்கன் ஃபென்னில் இரண்டு ஏக்கர் நிலத்தை 10 பவுண்டுக்கு வாங்கியது. சார்லசும் அங்கே நிலத்துண்டுகளை வாங்கி 1901 இல் அவ்வறக்கட்டளைக்கு வழங்கினார். விக்கன் ஃபென் அவ்வமைப்பின் முதல் இயற்கைக் காப்பிடமாகும்.

1910 இல் ஹண்டிங்டன்சயரில் உள்ள உட்வால்டன் ஃபென்னை, சுமார் 137 எக்டேர் பரப்பளவில், தம் சொந்தப் பணத்தில் வாங்கினார். வடிக்கப்பட்ட விட்டில்சி ஏரிக்கு அருகில் எஞ்சியிருந்த சதுப்புநிலம் அது. அடுத்த ஆண்டில் அங்கே தூண்களின் மேல் நிற்கும் ஒரு சிறிய மரவீட்டைக் கட்டினார். அவ்வீடு இன்றும் உள்ளது. நார்ஃபோக் கடற்கரையில் கடற்பறவைகள் முட்டையிடும் பிளேக்னி முனை 1912 இல் தேசிய அறக்கட்டளையின் கைக்கு வந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு.

எனினும் நிலம் விற்பனைக்கு வரும்போது வாங்குவது என்னும் முறையில் அவர் நிறைவடையவில்லை. எந்த இடம் அரிய உயிரினங்களைக் கொண்டுள்ளது என்று நாடு முழுவதும் முதலில் கணக்கெடுக்க வேண்டும். அதன் பின்னரே எதை வாங்குவது என்று முடிவு செய்ய வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு.

கழகமும் பட்டியலும்

1912 மே 16 அன்று இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் நடந்த கூட்டத்தில் இயற்கைக் காப்பிடங்கள் மேம்பாட்டுக் கழகம் தொடங்கப்பட்டது. சார்லசுடன் அருங்காட்சியக அலுவலர் சார்லஸ் ஃபேகன், பறவையியலாளர் வில்லியம் ஓகில்வி-கிராண்ட், நண்பர் பிரான்சிஸ் ஹென்லி ஆகியோர் இதன் நிறுவனர்கள் ஆவர். பொதுமக்கள் அவையின் அவைத்தலைவராக இருந்த ஜேம்ஸ் லோதர் கழகத்தின் முதல் தலைவரானார்.

கழகம் நாடெங்கும் உள்ள இயற்கை ஆர்வலர்களுக்கு வினாப்படிவங்களை அனுப்பியது. இடத்தின் பெயர், உரிமையாளர், அங்கு வாழும் அரிய செடிகள், பூச்சிகள், பறவைகள், அவற்றுக்குள்ள ஆபத்து ஆகியவை கேட்கப்பட்டன. எல்லைகள் நிலவரைபடங்களில் குறிக்கப்பட்டன. ஆக்ஸ்போர்டு தாவரவியலாளர் ஜார்ஜ் கிளாரிட்ஜ் டுரூஸ் பல இடங்களை நேரில் சென்று பார்வையிட்டார். 1914 இல் முதல் உலகப் போர் தொடங்கிய பின்னும் இப்பணி நிற்கவில்லை. போர்க்கால உணவு உற்பத்திக்காகத் தரிசு நிலங்கள் உழப்படக்கூடும் என்னும் அச்சம் பணியின் அவசரத்தை மிகுவித்தது.

1915 இல் கழகம் தன் பட்டியலை அரசின் வேளாண்மை வாரியத்திடம் அளித்தது. அதில் இங்கிலாந்து, வேல்சு, இசுக்கொட்லாந்து, அயர்லாந்து ஆகியவற்றைச் சேர்ந்த 284 இடங்கள் இடம்பெற்றன. ஃபார்ன் தீவுகள், நார்ஃபோக் ஏரிகள், வேல்சின் டிரெகரோன் சதுப்பு, இசுக்கொட்லாந்தின் கேன் லோகன் பள்ளத்தாக்கு, அயர்லாந்தின் நே ஏரி ஆகியவை அவற்றுட் சில. இவ்வளவு விரிவான இயற்கைக் கணக்கெடுப்பு பிரித்தானியாவில் அதற்கு முன் நடந்ததில்லை. 1916 இல் கழகத்துக்கு அரச பட்டயம் கிடைத்தது. ஆனால் பட்டியலின் மீது அரசு நடவடிக்கை எதுவும் எடுக்கவில்லை. 1919 இல் சார்லஸ் உட்வால்டன் ஃபென்னைக் கழகத்துக்கே வழங்கினார்.

1915–16 ஆம் ஆண்டுகளில் இலண்டன் பூச்சியியல் கழகத்தின் தலைவராகவும் இவர் பணியாற்றினார்.

நோயும் மறைவும்

போர்க்காலத்தில் சார்லசின் உடல்நலம் குன்றியது. 1915 இல் தந்தை இறந்தபின் வங்கியின் சுமையும் கூடியது. சிகிச்சைக்காக நீண்ட காலம் சுவிட்சர்லாந்தில் தங்கியிருந்தார். மூளையழற்சி நோயால் பாதிக்கப்பட்ட அவர் முழுமையாகக் குணமடையவில்லை. கடுமையான மனச்சோர்வுக்கும் உள்ளானார். 1923 அக்டோபர் 12 அன்று ஆஷ்டன் வோல்டில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 46. அவர் பட்டியலிட்ட இடங்களுள் பெரும்பாலானவற்றுக்கு அன்று எவ்விதப் பாதுகாப்பும் இருக்கவில்லை.

மறைவுக்குப் பின்

நிறுவனரை இழந்த கழகம் சில காலம் வலுவிழந்திருந்தது. 1926 இல் நார்ஃபோக்கில் முதலாவது மாவட்ட இயற்கை அறக்கட்டளை தோன்றியது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941 இல், போருக்குப் பிந்தைய சீரமைப்பில் இயற்கைக்குரிய இடம் பற்றி ஆராய கழகம் ஒரு மாநாட்டைக் கூட்டியது. அதையொட்டிய பணிகளில் ரோத்சைல்டு பட்டியல் மீண்டும் கையில் எடுக்கப்பட்டது. 1949 இல் தேசியப் பூங்காக்கள் சட்டம் நிறைவேறி, தேசிய இயற்கைக் காப்பிடங்களை அமைக்கும் அதிகாரம் அரசுக்குக் கிடைத்தது. பட்டியல் அளிக்கப்பட்டு 34 ஆண்டுகள் கடந்திருந்தன. உட்வால்டன் ஃபென் 1954 இல் தேசிய இயற்கைக் காப்பிடமாயிற்று. சார்லஸ் தொடங்கிய கழகம் இன்று காட்டுயிர் அறக்கட்டளைகளின் அரச கழகம் என்னும் பெயரில் இயங்குகிறது. பிரித்தானியாவில் உள்ள 46 காட்டுயிர் அறக்கட்டளைகள் இதன் கீழ் ஒன்றிணைந்துள்ளன.

மகள் மிரியம் ரோத்சைல்டு (1908–2005) தந்தையின் வழியில் பூச்சியியலாளரானார். தந்தையின் தெள்ளுப்பூச்சிச் சேகரிப்புக்கு விரிவான விவரப்பட்டியலை 1953 முதல் பல தொகுதிகளாக வெளியிட்டார். 1997 இல் பீட்டர் மாரன் என்பவருடன் இணைந்து, 284 இடங்களும் பின்னாளில் என்ன ஆயின என்பதை ஒரு நூலில் பதிவு செய்தார். பல இடங்கள் இன்று சட்டப் பாதுகாப்பைப் பெற்றுள்ளன. வேறு சில, பாதுகாப்பு வருவதற்கு முன்பே உழப்பட்டும், காடு வளர்க்கப்பட்டும், கட்டடங்கள் எழுப்பப்பட்டும் தம் இயல்பை இழந்துவிட்டன.

அந்துப்பூச்சிகளின் இன்றைய நிலை

ஒரு நிலத்தை வாங்கி வேலியிட்டால் மட்டும் போதாது என்பதை உட்வால்டன் ஃபென்னின் பிற்கால வரலாறு காட்டியது. சுற்றியுள்ள வயல்களின் நீர்மட்டம் தாழ்ந்துகொண்டே போனதால் காப்பிடத்தின் நீரும் அவற்றை நோக்கிக் கசிந்தது. முன்பு கரிமண் வெட்டியும் நாணல் அறுத்தும் வந்த மக்கள் அவற்றை நிறுத்தியதால் புதர்கள் மண்டின. 1927 இல் நெதர்லாந்திலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட பெரிய காப்பர் வண்ணத்துப்பூச்சிகள் பல ஆண்டுகள் மனிதப் பராமரிப்பின் துணையுடன் வாழ்ந்து, 1990களில் அற்றுப்போயின. பின்னர் காப்பிடத்தின் நீர் வெளியேறாதவாறு களிமண் கரைகள் அமைக்கப்பட்டன.

அத்தேட்டிஸ் பலஸ்ட்ரிஸ் என்னும் சிறிய பழுப்புநிற அந்துப்பூச்சியின் நிலை இதற்கு மற்றோர் எடுத்துக்காட்டு. மார்ஷ் மோத், அதாவது சதுப்பு அந்துப்பூச்சி, என்றே ஆங்கிலத்தில் பெயர்பெற்ற இது முன்பு கேம்பிரிட்ஜ், ஹண்டிங்டன் மாவட்டங்களின் ஃபென் நிலங்களில் காணப்பட்டது. அங்கிருந்து மறைந்து, அண்மைப் பத்தாண்டுகளில் லிங்கன்சயர் கடற்கரை மணல்மேடுகளில் ஓரிரு இடங்களில் மட்டுமே பதிவாகியுள்ளது. இது ஐக்கிய இராச்சியத்தின் உயிரினப் பன்மயச் செயல்திட்டத்தில் முன்னுரிமை இனமாகச் சேர்க்கப்பட்டது. ரீட் டசக் இன்றுவரை பிரித்தானியாவுக்குத் திரும்பவில்லை. மாறாக, அற்றுப்போனதாகக் கருதப்பட்ட ரோசி மார்ஷ் 1960களில் வேல்சின் மேற்குக் கரையில் உள்ள ஒரு சதுப்பில் மீண்டும் கண்டறியப்பட்டது. 2005 இல் வட இங்கிலாந்தின் கம்பிரியாவிலும் அது காணப்பட்டது. இவ்விடங்களில் நீர் வடிக்கப்படாத சதுப்பு எஞ்சியிருந்தமையே அது பிழைத்திருந்தமைக்குக் காரணமாகும்.

2001 இல் பெரும் ஃபென் திட்டம் தொடங்கப்பட்டது. உட்வால்டன் ஃபென்னையும் ஹோம் ஃபென்னையும் இடையிலுள்ள வயல்களை மீண்டும் சதுப்பாக்கி இணைப்பது இதன் நோக்கம். சுமார் 3,700 எக்டேர் பரப்பளவில் இது அமையவுள்ளது. சார்லஸ் ரோத்சைல்டு 1910 இல் வாங்கிய நிலம் இத்திட்டத்தின் இரு மையப்பகுதிகளுள் ஒன்றாகும்.